கட்டணம் ஆகஸ்டில், உதவித்தொகை மார்ச்சில்: பிளஸ் டூ முடித்த வீட்டுக்கு ஒரு கல்லூரி வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று பேர் வந்துவிடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மதிப்பெண் பட்டியலின் நகல். "சார், எந்த காலேஜ் போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் அதற்குப் பதில் சொல்லாமல், "வருமானச் சான்றிதழ் எடுத்தாச்சா?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் வரும். பையன் 540 வாங்கியிருக்கிறான், இவர் தாலுகா ஆபீசைப் பற்றிக் கேட்கிறாரே என்று.

காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரிச் செலவைக் குறைக்க வழிகள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கல்லூரி பணம் கேட்கும் மாதமும் அரசு பணம் போடும் மாதமும் ஒன்றல்ல. ஃபீஸ் ஆகஸ்டில் கட்ட வேண்டும். ஸ்காலர்ஷிப் பல நேரம் அடுத்த வருடம் பிப்ரவரி, மார்ச்சில்தான் கணக்குக்கு வரும். இந்த இடைவெளியைக் கணக்குப் போடாதவர்கள்தான் ஜூலை கடைசியில் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

முதல் வேலை: ரிசல்ட்டுக்கு முன்பே காகிதங்கள்

தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக நகரும். மே மாத நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும்போது அது நகர்வது நத்தை நகர்வதுபோல இருக்கும். ஏப்ரலில் போட்டால் நிம்மதி.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால், டிஜிட்டல் கையெழுத்துள்ள புதியதை எடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். பதினொன்றாம் வகுப்பில் எடுத்ததை இப்போது நீட்டினால் வேலைக்கு ஆகாது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்குள் படிக்காத பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றிதழும் வேண்டும்.

கல்விக் கட்டணத்தில் சலுகை வாங்கித் தரும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வீட்டில் யாருமே பட்டம் பெறவில்லை என்றால் கிடைக்கும். வருமான வரம்பு இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. சான்றிதழோடு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திடும் இணை உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உண்டு. சான்றிதழைப் போட்டுவிட்டுப் படிவத்தை மறந்து மறுபடி அலைந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அப்புறம் பெயர். நம் ஊரில் இன்ஷியல் படுத்தும் பாடு சாதாரணமானதல்ல. மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இன்ஷியல், ஆதாரில் பெயருக்கு முன்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக. கண்ணுக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். மதிப்பெண் பட்டியலில் உள்ளதைத் தாயாக வைத்து ஆதாரையும் பேங்க்கையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள்.

பேங்க் கணக்கு: சின்ன விஷயம் மாதிரி தெரியும்

உதவித்தொகை எல்லாம் இப்போது மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. எந்தக் கணக்குக்கு? நீங்கள் படிவத்தில் எழுதிய எண்ணுக்கு என்று நினைப்பீர்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்த பேங்க்கை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். பள்ளியில் ஒரு பேங்க்கில் கணக்குத் திறந்திருப்பார்கள், பிறகு வேறொரு பேங்க்கில் இன்னொன்று. பணம் எங்கோ விழுந்திருக்கும், பிள்ளை வரவில்லை என்று அழுதுகொண்டிருக்கும்.

பேங்க்கில் "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று சொல்வதோடு திரும்பி வராதீர்கள். அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று. அரசுப் பணம் வாங்க என்.பி.சி.ஐ. (பேங்க்குகளுக்கிடையே பணம் போகும் அமைப்பை நடத்தும் நிறுவனம்) பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. "என்.பி.சி.ஐ. மேப்பிங் ஆகியிருக்கிறதா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்கு உறங்கிப்போயிருக்கும். அடையாளச் சான்றுகளைப் புதிதாகக் கொடுத்து, ஒரு நூறு ரூபாயாவது போட்டு எடுத்து எழுப்பிவிடுங்கள்.

எந்த வாசல் வழியாக உள்ளே போவது

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற ஒரே இணைய விண்ணப்பம். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணமான 2 ரூபாய் மட்டும். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். மற்ற பாடங்களுக்கு மொழி அல்லாத நான்கு பாடங்களின் 400 தான் கணக்கு. ஆண்டுச் செலவு சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். எல்லோரும் என்ஜினியரிங் பக்கமே ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊருக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்து, கடன் இல்லாமல் இருபத்தொரு வயதில் வெளியே வரும் பிள்ளையின் நிலைமை பல என்ஜினியர்களின் நிலைமையைவிட நன்றாக இருக்கிறது. சரி, அது என் கருத்து.

என்ஜினியரிங்குக்கு டி.என்.இ.ஏ. கலந்தாய்வு. மே மாதத்தில் பதிவு தொடங்கும். கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 250. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி என்று 200க்குக் கணக்கு. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 என்றால் 92 கூட்டல் 42 கூட்டல் 39, ஆக 173. இதைத்தான் எல்லோரும் கட்-ஆஃப் என்கிறார்கள்.

விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் செல்போன் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்கட்டும். என் அத்தை மகன் விண்ணப்பித்தபோது பிரவுசிங் சென்டர்காரர் வசதிக்காகத் தன் எண்ணையே கொடுத்துவிட்டார். ஒதுக்கீடு வந்த இரவு ஓ.டி.பி. அவர் போனுக்குப் போயிற்று; அவரோ குலதெய்வக் கோயிலில், போன் ஆஃப். காலையில் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் உள்ளிட்ட மற்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இதே பிள்ளை பொதுக் கலந்தாய்விலும் போட்டியிடலாம். ஆனால் கட்டணம் முழுதும் அரசு பொறுப்பு என்பது 7.5 வழியாக வாங்கிய இடத்துக்குத்தான். பொதுவில் கொஞ்சம் பெரிய கல்லூரி கிடைக்கிறதே என்று மாறுவதற்கு முன் நான்கு வருடச் செலவை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பதிவு முடிந்ததும், மதிப்பெண் சமமானவர்களை வரிசைப்படுத்த உதவும் ரேண்டம் எண், பிறகு தரவரிசை, அதன்பின் சுற்று சுற்றாகக் கலந்தாய்வு. உங்கள் சுற்று வந்ததும் கல்லூரியும் பாடப்பிரிவுமாக விருப்பப் பட்டியல் போட வேண்டும். அதற்குக் கொடுப்பது சில நாட்கள்தான்.

கம்ப்யூட்டர் எப்படி இடம் ஒதுக்குகிறது என்பது புரிந்தால் பாதி பயம் போய்விடும். அது தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, பொதுப் பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ இடம் காலியாக உள்ள முதல் வரியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவுதான். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டதற்காக உங்களைத் தண்டிக்காது. அங்கே இடம் இல்லை என்றால் அடுத்த வரிக்குப் போகும். "நமக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று ஆசையானதை எழுதாமல் விடுவது, லாட்டரிச் சீட்டு இலவசமாகக் கொடுத்தும் வாங்காமல் வருவது போல.

அதே காரணத்தால் இன்னொன்றும் உண்மை. பட்டியலில் இருக்கும் எந்த வரியும் உங்களுக்கு வரலாம். போய்ப் படிக்க மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கீழே தள்ளுங்கள்.

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துப் பதினைந்து போட்டுவிட்டு நிறுத்துபவர்களுக்குத்தான் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும் ஆபத்து. முந்தைய வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்ற பட்டியல் வெளியிடப்படுகிறது. உங்கள் 173ஐ நடுவில் வைத்து, அதற்கு மேலே கொஞ்சம், சுற்றி நிறைய, கீழேயும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் உயரமாக இருப்பதே தரத்துக்குச் சான்று ஆகாது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. ஒரே கட்-ஆஃப் உள்ள இரண்டு கல்லூரிகளை அதில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி என்று அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் தனியாரில் பாதிகூட வராது. இவற்றை மேலே வைக்காமல் சென்னைக்குப் பக்கத்தில் பளபளக்கும் கட்டடத்தை மேலே வைப்பவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பெயரை நம்பாதீர்கள், கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தந்திருக்கும் கோடு (code) எண்ணை நம்புங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே அறக்கட்டளையின் பெயரில் நாலைந்து கல்லூரிகள் வெவ்வேறு மாவட்டங்களில் உண்டு. முதலில் ஒரு நோட்டில் கோடு, கல்லூரி, பிரிவு, ஊர் என்று எழுதி, வீட்டில் இன்னொருவர் படிக்கக் கேட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும். ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்லி மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகியும் விடலாம். இரண்டாவதுதான் பெரும்பாலோருக்குப் பொருத்தம். கையில் ஒரு இடம் இருக்கும், யாராவது விட்டுவிட்டால் மேலே ஏறவும் வாய்ப்பு உண்டு. ஆனால் மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பிக் கேட்க முடியாது. சேர்பவர் கொடுத்த நாளுக்குள் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். காத்திருப்பவர் கலந்தாய்வு உதவி மையத்தில் கட்ட வேண்டும். தேதி தவறினால் இடம் போச்சு. அந்த முதல் தவணை கையில் ரொக்கமாக இருக்க வேண்டும் என்று ஜூனிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் மே மாதமே ஏஜென்ட்டுகள் வருவார்கள். "கவுன்சலிங்குக்குக் காத்திருந்தா சீட் போயிடும், இப்பவே அட்வான்ஸ் போடுங்க." என் சித்தப்பா ஒரு கல்லூரியில் அப்படிப் போட்ட 25,000, பிறகு கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தும் திரும்பவே இல்லை. ரசீதும் இல்லை, கேட்கவும் வழி இல்லை. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. இப்படிக் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, 7.5 கிடையாது.

யாருக்கு எவ்வளவு

தனியார் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு இடத்துக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000. தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000. முதல் பட்டதாரிச் சலுகை இதில் 25,000ஐக் கழித்துவிடும். அதாவது 55,000 என்பது 30,000 ஆகும், நான்கு வருடத்தில் ஒரு லட்சம் மிச்சம். இது உதவித்தொகைபோலப் பின்னால் வருவதில்லை, முதலிலேயே கழிகிறது. அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு அவ்வளவு அடித்துக்கொள்கிறேன். பஸ், தேர்வுக் கட்டணம், விடுதி இவையெல்லாம் தனி. "மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று கல்லூரியில் எழுதி வாங்குங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களில் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. டி.என்.இ.ஏ. விண்ணப்பத்திலேயே இதற்கு ஒரு கேள்வி வரும். அங்கே "ஆம்" என்று போட்டு வருமானச் சான்றிதழை ஏற்ற வேண்டும். பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கும் அதே 2.5 லட்சம் வரம்பில் உதவித்தொகை உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் யூ.எம்.ஐ.எஸ். எண் ஒன்று தருவார்கள். மாநில உதவித்தொகைகளுக்கு அந்த எண்தான் சாவி. முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், அதுவும் மாதம் 1,000. வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்குக் கூட்டிப் பார்த்தால் 36,000. அரசுக் கலைக் கல்லூரியில் பலருக்கு இது கட்டணத்தையே தாண்டிவிடும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். இதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள்.

மத்திய அரசுப் பக்கம் தேசிய உதவித்தொகை இணையதளம். பிளஸ் டூவில் தன் வாரியத்தின் மேல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்பின் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்குப் பிரகதி: ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. தொகையைப் பார்த்தால் பிரகதிக்கு விண்ணப்பிக்க ஊரே அலைமோத வேண்டும். நான் திண்ணையில் கேட்டவரை பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கிடைத்தவர்கள் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

மீதிக்குக் கடன்

எல்லாச் சலுகையும் போக மிஞ்சுவதற்குத்தான் கல்விக் கடன். முழுச் செலவுக்கும் கடன் போடுவது, வேலை செய்யாமலே வட்டி கட்டுவது.

4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது, உங்கள் பங்குப் பணமும் கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) இடம் கிடைத்தவர்களுக்குச் சொத்துப் பிணையும் ஆள் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை என்றால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் சேரும். விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனாலும் ஒரு நகலை எடுத்துக்கொண்டு கிளை மேலாளரை நேரில் பார்த்துவிடுங்கள். சேர்க்கை ஆணை, கல்லூரித் தாளில் வருடவாரியான கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், பெற்றோரின் பான், ஆதார் வேண்டும். கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டாளி. அப்பா பழைய பைக் லோனில் தவணை தவறியிருந்தால் அது இங்கே வந்து நிற்கும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; எழுதித் தரச் சொன்னதும் கடன் கிடைத்துவிட்ட கதைகள் உண்டு.

படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி மட்டும் நிற்காது. வருடம் 1 லட்சம் வீதம் நான்கு வருடம், 10 விழுக்காடு தனிவட்டி என்று ஒரு கணக்குப் போடுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. தவணை தொடங்கும் நாளில் நீங்கள் வாங்கிய 4 லட்சம் 5.4 லட்சமாக நிற்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால் இந்த 1.4 லட்சத்தை மத்திய அரசின் வட்டி மானியம் ஏற்கும். ஆனால் கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்கு உங்கள் பெயரை பேங்க் ஏற்றியிருக்க வேண்டும். நான்கு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள்.

சேரும் நாளன்று

எந்தப் பணத்துக்கும் ரசீது. "பில்டிங் ஃபண்ட்", "பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்" என்று தனியாகக் கேட்டால் அதற்கும் ரசீது கேளுங்கள்; சில கட்டணங்கள் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போகும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டின் விதி. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஐந்து செட் நகலும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வருடம் உதவித்தொகை தானாக வராது. புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பல திட்டங்களில் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். மேலே சொன்ன 12,000 ரூபாய்க்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும். வருமானச் சான்றிதழை வருடா வருடம் ஏப்ரலிலேயே புதிதாக எடுத்து அதே பிளாஸ்டிக் கவரில் வையுங்கள்.